பூனைகள் வாழும் வீட்டிற்கு நாய்க்குட்டியின் வருகை

தானியம் சேமித்து வைக்கும் வழக்கமுள்ள வீடுகளில் பூனைக்கு என்றும் இடமுண்டு. எலியை ஒழிப்பதற்கென அது வளர்க்கப்படுகிறது. சில வீடுகளில் அழைக்காமலே வந்து தங்கிவிடுகிறது. அத்தகைய வீட்டிற்கு ஒரு நாள் நாய்க்குட்டி ஒன்றும் வந்து சேர்கிறது. காவலுக்கென்று பெரியவர்கள் வாங்கி வருவர். அல்லது பள்ளியிலிருந்து திரும்பும் சிறுவன், தெருவோரத்தில் நடுங்கிக் கொண்டிருந்த குட்டியைச் சட்டைக்குள் பொதிந்து கொண்டு வருவான். இந்தியத் தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தின் பிற்பகுதியில் இணைகூடிக் குளிர்காலத்தில் ஈனுகின்றன. ஆதலின் குளிர்காலத்திலும் அதையடுத்த மாதங்களிலும் இக்காட்சியை எங்கும் காணலாம்.

குட்டி தரையில் விடப்பட்டதும் பூனையை நோக்கி ஓடுகிறது. பூனை சீறிவிட்டுப் பரண் மீது ஏறி மறைகிறது. வீட்டார் சிரித்து, இரண்டும் நாளடைவில் பழகிவிடும் என்று கூறி வாளாவிருக்கின்றனர். சில வேளைகளில் அவ்வாறே பழகுவதும் உண்டு. ஆனால் பழகாத இடங்களில் விளைவது யாது? பூனை வீட்டைவிட்டு நீங்கிவிடுகிறது. அல்லது பரணிலேயே ஒடுங்கி உணவின்றி நோயுறுகிறது. அல்லது பூனையின் நகத்தால் குட்டியின் கண் கெடுகிறது. இவற்றைப் பிரிக்கப் புகுந்த குழந்தை கடியோ கீறலோ பெறுவதும் உண்டு. இறுதியில், பாதி வளர்ந்த நாய் தெருவில் விடப்படுகிறது. தடுப்பூசி பெறாத நாய் ஒன்று தெருவில் மிகுவது அவ்வீட்டாருக்கு மட்டும் உரிய தீங்கன்று. ஊர் முழுவதற்குமே தீங்கு. பிராணியைப் பசியாலும் தாகத்தாலும் துன்புறுமாறு தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

மேற்கூறிய தீங்குகளிற் பெரும்பாலானவை ஒரே நிகழ்ச்சியிலிருந்து கிளைப்பவை. அது முதல் துரத்தல் ஆகும். அதனை நிகழவிடாமல் தடுப்பதே இங்குக் கூறப்படும் முறை முழுவதன் நோக்கம். களப் பணியாளரிடமும் ஆசிரியரிடமும் இது குறித்து மக்கள் அடிக்கடி யோசனை கேட்பதால், முறையை மட்டுமன்றி அதன் காரணங்களையும் அறிந்திருத்தல் நலம்.

பிறவிப் பகையா?

பூனைக்கு எலியும், நாய்க்குப் பூனையும் பிறவிப் பகை என்பது பரவலான நம்பிக்கை. இதனை ஆராய்ந்தவர்களுள் சீன நாட்டு உளவியல் அறிஞர் குவோ முதன்மையானவர். 1930-ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது ஆய்வில் பூனைக்குட்டிகள் மூன்று வகையாக வளர்க்கப்பட்டன. தாய்ப்பூனை எலியைக் கொல்வதைப் பார்த்து வளர்ந்த 21 குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. தனித்து வளர்ந்த 20 குட்டிகளில் 9 மட்டுமே கொன்றன. எலியுடன் ஒரே கூண்டில் வளர்ந்த 18 குட்டிகளில் கொன்றவை 3 மட்டுமே. பழமொழியில் நிலைபெற்ற பகைகூட வளர்ப்பினால் இவ்வளவு மாறுபடுமாயின், நாய்க்கும் பூனைக்கும் இடையே உள்ளதை மாற்றவொண்ணாதது எனக் கூறுவதற்கில்லை.

நாய்க்குட்டிகள் பற்றிய ஆராய்ச்சியும் இம்முடிவையே வலியுறுத்துகிறது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஸ்காட், புல்லர் என்னும் இருவர் பல ஆண்டுகள் செய்த ஆராய்ச்சி 1965-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை, நாய்க்குட்டியின் மனம் புதிய துணைகளை எளிதில் ஏற்கும் பருவம் என்று அவர்கள் கண்டனர். அதே ஆய்வுக்கூடத்தில், 1961-ஆம் ஆண்டில் வெளியான ஒரு சோதனையில், பதினான்கு வாரங்கள் வரை மனிதரைக் காணாமல் வளர்ந்த குட்டிகள் பின்னர் மனிதரிடம் அச்சம் நீங்காமலே இருந்தன. மனிதரைப் பற்றிய இவ்வுண்மை பூனைக்கும் பொருந்தும். பூனைக்குட்டிகளோடு சேர்த்து வளர்க்கப்பட்ட நாய்க்குட்டிகள் பூனைகளையே தம் விளையாட்டுத் துணையாகக் கொண்டன என்பதை 1969-இல் வெளிவந்த மைக்கேல் பாக்ஸ் என்பாரின் ஆய்வு காட்டியது.

பூனைக்கு இப்பருவம் இன்னும் குறுகியது. ஏறத்தாழ இரண்டாம் வாரத்தில் தொடங்கி ஏழாம் வாரத்தில் முடிந்துவிடுகிறது. ஆகவே வீட்டிலுள்ள வளர்ந்த பூனை, நாய்க்குட்டியைப்போல விரைவில் மாறும் என எதிர்பார்த்தல் தவறு. குட்டி கற்கும் பருவத்தில் இருக்கிறது. பூனையோ தான் கற்றவற்றைக் காத்துக் கொள்ளும் நிலையில் இருக்கிறது. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர், குட்டியைப் பயிற்றுவிப்பதிலும் பூனைக்குக் காலம் அளிப்பதிலும் கருத்தைச் செலுத்துவர்.

இஸ்ரேல் நாட்டின் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இருவர், நாயும் பூனையும் ஒருங்கே வாழும் வீடுகளை ஆராய்ந்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டனர். பூனை ஆறு மாதத்திற்கும், நாய் ஓராண்டிற்கும் உட்பட்ட வயதில் ஒன்றையொன்று அறிந்த வீடுகளில் இணக்கம் மிகுந்திருந்தது. பூனை முதலில் இருந்து நாய் பின்னர் வந்த வீடுகளில் நாயின் நடத்தை நட்பாகவே இருந்தது. எனவே இங்குக் கூறப்படும் நிலைமை சாதகமானதே.

துரத்தல் ஏன் கேடு விளைக்கிறது?

நாயின் முன்னோராகிய ஓநாய், ஓடும் இரையைத் துரத்திப் பிடித்து வாழ்வது. அவ்வியல்பு வீட்டுநாயிடமும் எஞ்சியுள்ளது. அசையாது நிற்கும் பூனையை முகர்ந்து பார்க்கும் அதே குட்டி, பூனை ஓடத் தொடங்கியதும் தானும் ஓடுகிறது. அதனைத் தூண்டுவது பூனையின் மீதுள்ள வெறுப்பன்று, ஓட்டமே. ஓடுவதில் குட்டிக்கு இன்பம் உண்டாகிறது. இன்பம் தந்த செயலை எப்பிராணியும் மீண்டும் செய்யும். ஆகவே ஒவ்வொரு துரத்தலும் அடுத்த துரத்தலுக்கு ஒரு பாடமாக அமைகிறது. உணவு கொடுத்துப் பழக்க வேண்டிய தேவை இங்கில்லை. துரத்தலே அதற்குரிய பரிசாகிவிடுகிறது.

பூனை கற்கும் பாடமோ இதற்கு எதிரானது. நாய் வந்தால் ஓட வேண்டும், ஓடினால் பிழைக்கலாம் என்பதே அது. ஒன்று ஓட, மற்றொன்று துரத்த, மீண்டும் ஓட, இவ்வட்டம் சில நாட்களிலேயே உறுதிப்பட்டுவிடும். கட்டிய பின் வட்டத்தைக் குலைப்பது மாதக்கணக்கான உழைப்பு. கட்டாமல் தடுப்பது சில வார உழைப்பு.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல், ராம்பூர் ஆகிய நம் நாட்டு வேட்டைநாய் இனங்கள், கண்ணால் கண்ட இரையை விரைந்து துரத்துவதற்கெனவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டவை. இவ்வினக் குட்டிகளைப் பூனையுள்ள வீட்டில் வளர்ப்பவர், கயிற்றில் பிடித்திருக்கும் காலத்தை மிகுதியாக நீட்டித்தல் வேண்டும். வீட்டுப் பூனையோடு பழகிய அத்தகைய நாய், வெளியே ஓடும் அயற்பூனையைத் துரத்தலாம் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இரு பிராணிகளின் இரு மொழிகள்

பிராணிகள் உடலசைவினால் தம் கருத்தைத் தெரிவிக்கின்றன. ஒரே அசைவு நாயிடத்தில் ஒரு பொருளும் பூனையிடத்தில் வேறு பொருளும் தருவது பல சண்டைகளுக்குக் காரணமாகிறது.

வாலசைவு: நாய் தளர்ந்த உடலோடு வாலை அகல ஆட்டினால் பெரும்பாலும் மகிழ்ச்சி. பூனை வாலை இருபுறமும் வீசி அடித்தால் எரிச்சல். நட்பாக வரும் பூனை வாலை நேரே உயர்த்தி வருகிறது. ஆனால் நாயின் வால் உயர்ந்து விறைத்து நிற்பின் அது எச்சரிக்கையாகும்.

மல்லாந்து கிடத்தல்: நாய்க்குட்டி மல்லாந்தால் பணிவையோ விளையாட்டையோ குறிக்கும். அஞ்சிய பூனை மல்லாந்தால், நான்கு பாதங்களின் நகங்களையும் போருக்கு ஆயத்தமாக்கிக் கொண்டது என்று பொருள். குட்டி இதனை விளையாட்டிற்கு அழைப்பதாகக் கருதி அருகில் செல்லும். முகத்தில் கீறல் பெறும்.

முன்னங்கால் செயல்: நாய்க்குட்டி முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தினால் விளையாட வா என்று பொருள். பூனைக்கோ அது பாய்வதற்கு முன் பதுங்குவதைப் போலத் தோன்றக்கூடும். பூனை ஒரு முன்னங்காலை உயர்த்தினால் அது அடிக்கப் போகும் அறிகுறி. குட்டி அதனையும் விளையாட்டென மயங்கலாம்.

உறுமலும் சீறலும்: பூனையின் சீறல் தாக்குதலன்று, இதற்குமேல் நெருங்காதே எனும் அறிவிப்பு. சீறியதற்காகப் பூனையை அடிப்பவர், அறிவிப்பின்றித் தாக்குமாறு அதனைப் பழக்கியவராவர்.

நாளடைவில் இரு பிராணிகளும் ஒன்றன் மொழியை மற்றொன்று கற்றுக் கொள்கின்றன. அதுவரை அவற்றிடையே மொழிபெயர்ப்பாளராக நிற்க வேண்டியவர் வீட்டாரே.

குட்டியின் வயதும் உடல்நலமும்

எட்டு வாரம் நிறைந்த குட்டியைக் கொணர்வதே தக்கது. அதற்கு முன் தாயையும் உடன்பிறந்தவற்றையும் பிரிந்த குட்டி, கடியின் வலிமையைக் கட்டுப்படுத்தக் கற்றிருக்காது. எட்டு வாரத்திற்கு உட்பட்ட குட்டியை விற்பதை, 2017-ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளும் தடுக்கின்றன. தாயை இழந்த சிறுகுட்டியை எடுத்து வளர்க்க நேர்ந்தால், அதற்கு முதலில் வேண்டியது வெப்பமும் உணவும் மருத்துவமுமே. பூனையின் அறிமுகம் பின்னரே.

குட்டியைக் கொண்டுவந்ததும் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். அதனைப் பூனைகளிடமிருந்து சில நாட்கள் பிரித்து வைப்பது நடத்தைக்கு மட்டுமன்றி உடல்நலத்திற்கும் நன்று. நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸ் 1978-ஆம் ஆண்டளவில் உலகெங்கும் தோன்றியது. பூனைகளுக்கு வரும் கொடிய குடல்நோய் வைரஸுக்கு அது நெருங்கிய உறவுடையது. அதன் பிற்கால வகைகள் பூனையையும் பற்றக்கூடியவை. எனவே குட்டி, பூனை ஆகிய இரண்டிற்கும் உரிய தடுப்பூசிகள் தேவை. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறு வாரம் வரை தவணைகளாக அவை இடப்படுகின்றன. வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி வழக்கமாகப் பன்னிரண்டு வாரம் நிறைந்ததும் குட்டிக்கு இடப்படும். பூனைக்கும் அது இன்றியமையாதது. குடற்புழு மருந்தையும் மருத்துவர் கூறும் அளவில் கொடுக்க வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை மிக அவசியம். நாயின் உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் விற்கப்படும் சில மருந்துகளில் பெர்மெத்ரின் என்னும் பொருள் உண்டு. நாய்க்கு ஊறு செய்யாத அது பூனைக்குக் கொடிய நஞ்சு. அம்மருந்து பூசிய நாயின் உடலோடு உராய்வதாலும் பூனைக்கு வலிப்பு உண்டாகலாம். பூனையுள்ள வீட்டில் நாய்க்கு எம்மருந்து வாங்கினாலும், பூனை இருப்பதை மருத்துவரிடம் முன்னரே கூற வேண்டும். மனிதர் உண்ணும் பாரசிட்டமால் மாத்திரையும் பூனையைக் கொல்லக்கூடியது.

வீட்டை ஆயத்தம் செய்தல்

குட்டி வருவதற்கு ஒரு வாரம் முன்னரே மூன்று ஏற்பாடுகளைச் செய்தல் வேண்டும்.

முதலாவது, உயரம். பூனை தரையில் கால் வைக்காமலே தங்கவும் நடமாடவும் இடம் தேவை. பரண், மாடம், அலமாரியின் மேற்பகுதி ஆகியவற்றில் சாக்கு விரித்து வைத்தால் போதும். பூனைகள் பல இருப்பின் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் இருத்தல் நலம்.

இரண்டாவது, வழி. பூனையின் உணவு, நீர், மலசலத்திற்கான மணல் அல்லது சாம்பல் தட்டு ஆகியவற்றைக் குட்டி எட்டாத இடத்திற்கு மாற்ற வேண்டும். இம்மாற்றத்தைக் குட்டி வந்த பின் செய்யலாகாது. அதற்கு முன்னரே சிறிது சிறிதாகச் செய்ய வேண்டும். பூனை வெளியே சென்றுவரும் பழக்கமுடையதாயின், அதன் வழி குட்டி கட்டப்பட்டிருக்கும் முற்றத்தைக் கடக்காதவாறு பார்த்தல் வேண்டும். பூனையின் மலத்தை நாய்க்குட்டி தின்னும் பழக்கம் பரவலானது. அதனாலும் தட்டு எட்டாத இடத்தில் இருத்தல் நலம்.

மூன்றாவது, தடுப்பு. குட்டிக்கு ஓர் அறையோ, அடைக்கப்பட்ட ஒரு மூலையோ வேண்டும். இரும்புக் கம்பிவலை வாங்க இயலாத வீட்டில், கயிற்றுக் கட்டிலைக் குறுக்காக நிறுத்தி வாயிலை அடைக்கலாம். கயிற்றின் இடைவெளி வழியே குட்டி காணலாம், தாண்ட இயலாது. பூனையோ விரும்பினால் மேலே ஏறிச் செல்லும்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். ஒரே சோற்றை இரண்டிற்கும் இடுவது தகாது. டாரின் என்னும் சத்து உணவில் குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்பது 1975-இலும், இதயத் தசை தளரும் என்பது 1987-இலும் நிறுவப்பட்டது. அச்சத்து இறைச்சியிலும் மீனிலும் உள்ளது. சோற்றிலும் ரொட்டியிலும் இல்லை. நாய் பொதுவாக அதனைத் தன் உடலிலேயே ஆக்கிக் கொள்ளும். பூனையால் தேவையான அளவு ஆக்கிக்கொள்ள இயலாது. ஆதலின் பூனையின் மீனைக் குட்டி பறித்துண்ண விடுவது பூனைக்கு இருமடங்கு இழப்பாகும்.

அறிமுகத்தின் ஐந்து நிலைகள்

கீழ்க்கண்ட நிலைகளுக்கு நாட்கணக்கு வகுக்கப்படவில்லை. ஒரு நிலையில் பூனை அமைதியாக உண்டு, உறங்கி, மேனியை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளுமாயின் அடுத்த நிலைக்குச் செல்லலாம். நாட்காட்டியைப் பார்த்து முன்னேறலாகாது. பூனையைப் பார்த்தே முன்னேற வேண்டும்.

1. மணம். முதல் சில நாட்கள் இரண்டும் ஒன்றையொன்று காணாமலிருக்க வேண்டும். பூனையின் கன்னத்தைத் துடைத்த துணியைக் குட்டியின் படுக்கையருகிலும், குட்டி படுத்த துணியைப் பூனையின் இருப்பிடத்திற்குச் சற்றுத் தொலைவிலும் இடுக. நாள்தோறும் துணியை மாற்றுக. பூனை அத்துணியைக் கண்டு சீறுவது நின்றால் இந்நிலை முடிந்தது.

2. மூடிய கதவு. கதவின் இருபுறமும் ஒரே நேரத்தில் இரண்டிற்கும் உணவிடுக. முதலில் கதவிலிருந்து தொலைவில் வைத்து, நாளுக்கு நாள் சிறிது நெருக்குக. மற்றதன் மணமும் ஒலியும் உணவோடு இணைந்து இனியவையாகின்றன. ருஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நாய்களிடம் கண்டறிந்த நிபந்தனை மறிவினையே இங்கும் பயன்படுகிறது.

3. தடுப்பினூடே காட்சி. குட்டி விளையாடிக் களைத்து, மலசலம் கழித்த பின்னர், கயிற்றில் பிடித்துக் கொண்டு தடுப்பின் அருகே உட்கார வைக்கவும். பூனை தானே வந்து காணட்டும். அதனைத் தூக்கி வரலாகாது. குட்டி பூனையைப் பார்த்துவிட்டு மீண்டும் பிடித்திருப்பவர் முகத்தை நோக்கினால், உடனே வேகவைத்த முட்டைத் துணுக்கு ஒன்றைக் கொடுக்கவும். பூனையைக் கண்டால் மனிதரை நோக்க வேண்டும் என்பதே குட்டி கற்க வேண்டிய பாடம். ஐந்து நிமிடம் போதும். நாளில் பலமுறை செய்யலாம். குட்டி இமைக்காமல் வெறித்து நோக்கி, உடல் விறைத்து, அழைத்தால் திரும்பாது போயின், தொலைவு குறைந்துவிட்டது என்று பொருள், பின்னே செல்க.

4. ஒரே அறை, கயிற்றுடன். தடுப்பை நீக்கினும் கயிற்றை விடலாகாது. பூனைக்கு மேலே ஏறவும் வெளியே செல்லவும் வழி திறந்திருக்க வேண்டும். குட்டியை உட்கார, கிடக்கப் பழக்கியிருந்தால் இங்கு அது பெரிதும் உதவும். பூனை நடந்து செல்லும்போது குட்டி அமர்ந்திருந்தால் பரிசு. ஓட முயன்றால், அதட்டாமல் கயிற்றைப் பிடித்து வேறு திசையில் அழைத்துச் செல்லுதல்.

5. கண்காணிப்புடன் விடுதலை. கயிற்றைத் தரையில் இழையவிட்டு, வேண்டும்போது மிதித்து நிறுத்தலாம். இதிலும் பல வாரங்கள் குறையின்றிச் சென்ற பின்னரே கயிற்றை நீக்க வேண்டும். ஆளில்லாத வேளையில் இரண்டையும் பிரித்தே வைத்தல் வேண்டும். குட்டி வளர்ந்து முதிர்ச்சி பெறும் வரை இது தொடர்வது நன்று.

பூனைகள் பல இருப்பின் ஒவ்வொன்றையும் தனித்தனியே அறிமுகப்படுத்துக. துணிவுள்ளதை முதலில் தேர்ந்தெடுக்கவும். நாயினால் அச்சமுற்ற பூனை, அவ்வச்சத்தால் அருகிலிருந்த மற்றொரு பூனையின் மீது பாய்வதும் உண்டு. நெடுநாள் ஒற்றுமையாயிருந்த பூனைகளிடையே பிளவு தோன்றினால், காரணம் இதுவாயிருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

இரண்டு அறைகளும் பின்முற்றமும் உடைய ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். அங்கே வயது முதிர்ந்த பெண்பூனை ஒன்றும், அதன் ஓராண்டு நிரம்பிய ஆண்குட்டியும் இருக்கின்றன. ஒன்பது வார நாட்டுநாய்க்குட்டி கொண்டுவரப்படுகிறது. முதல் நான்கு நாட்கள் கதவு திறக்கப்படவில்லை. ஆறாம் நாள் ஆண்பூனை கதவிலிருந்து ஒரு முழத் தொலைவில் உண்கிறது. முதிய பூனையோ எட்டு முழத்திற்குள் வர மறுக்கிறது. ஒன்பதாம் நாள் கயிற்றுக் கட்டிலினூடே ஆண்பூனை குட்டியைக் காண்கிறது. பதினொன்றாம் நாள், வீட்டுச் சிறுமி கவனமின்றிக் கட்டிலை நகர்த்திவிடுகிறாள். குட்டி பாய்ந்தோட, பூனைகள் இரண்டும் பரணேறுகின்றன. அன்றிரவு முதிய பூனை உண்ணவில்லை.

இந்நிலையில் செய்யத்தக்கது என்ன? சிறுமியையும் குட்டியையும் கடிந்து பயனில்லை. மறுநாளே மூடிய கதவு நிலைக்குத் திரும்ப வேண்டும். முதிய பூனையின் உணவைப் பரணுக்கே கொண்டு சென்று வைக்க வேண்டும். அது உண்ணத் தொடங்கிய பின்னர், முன்னைக் காட்டிலும் மெதுவாக மீண்டும் தொடங்க வேண்டும். அவ்வாறு செய்யின், ஆண்பூனை சில வாரங்களில் குட்டியோடு மூக்கோடு மூக்கு உரசலாம். முதிய பூனை, குட்டி விழித்திருக்கும்போது ஒருபோதும் அருகில் வராமலே இருந்துவிடலாம். ஆனால் ஓடாமல் நடந்து சென்று, வழக்கம்போல் அடுப்படியில் உறங்குமாயின் அதுவும் வெற்றியே. நட்பை உண்டாக்குவது இம்முறையின் குறிக்கோளன்று; அச்சமின்றி வாழச் செய்வதே குறிக்கோள். நட்பு விளைந்தால் அது மேற்கொண்டு கிடைத்த பேறு.

தவிர்க்க வேண்டியவை

பூனையைக் கையிலேந்திக் குட்டியின் முன் நீட்டுதல் கூடாது. தப்ப வழியற்ற பூனை ஏந்தியவரையே கிழிக்கும். இரண்டையும் ஒரே அறையில் பூட்டி, தாமே தீர்த்துக் கொள்ளட்டும் என்று விடுதல் கொடுமையும் ஆபத்துமாகும். குட்டியை அடித்தலும் தகாது. அது பூனையைக் காணும்போதெல்லாம் வலி வரும் என்று கற்று, பூனையை வெறுக்கத் தொடங்கும். பூனையின் நகத்தை அடியோடு அகற்றுதல் விரலெலும்பின் ஒரு பகுதியையே வெட்டுவதாகும். அது எண்ணவும் தகாதது.

பூனை ஒரு நாள் முழுவதும் உண்ணாவிடில் மருத்துவரை நாடுக. சில நாட்கள் உணவற்ற பூனைக்கு, குறிப்பாகப் பருத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்புப் படியும் கொடிய நோய் வரலாம். ஆண்பூனை அடிக்கடி முக்கியும் சிறுநீர் கழிக்க இயலாது தவித்தால், ஒரு நாளும் தாமதிக்கலாகாது. மன அழுத்தத்தாலும் தூண்டப்படும் இந்நோய் உயிர் போக்குவது.

கடியோ கீறலோ நேர்ந்தால்

மனிதருக்கு வரும் வெறிநாய்க்கடி நோயில் நூற்றுக்கு 99 வரை நாய்களால் பரவுவதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பூனையாலும் அது பரவும். அறிகுறி தோன்றிய பின் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை; ஆனால் உரிய காலத்தில் சிகிச்சை பெற்றால் முற்றும் தடுக்கலாம். நாயால் பரவும் இந்நோயை 2030-ஆம் ஆண்டிற்குள் ஒழிப்பதற்கான தேசியச் செயல்திட்டம் 2021-இல் வெளியிடப்பட்டது.

தெருவிலிருந்து எடுத்த குட்டியோ, தடுப்பூசி பெறாத பூனையோ கடித்தாலும் கீறினாலும், புண் சிறிதென்று எண்ணாமல், உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, மஞ்சள், எண்ணெய் எதையும் இடலாகாது. அன்றே சுகாதார நிலையத்திற்குச் சென்று, மருத்துவர் கூறும் எல்லாத் தவணைகளையும் முடித்தல் வேண்டும். கடித்த நாயையோ பூனையையோ பத்து நாட்கள் கண்காணிக்கும் வழக்கம் உண்டு; ஆனால் அதுவரை ஊசியைத் தள்ளிப் போடலாகாது. குழந்தைகள் அடிக்கு அஞ்சிக் கடியை மறைப்பர். மறைக்காமல் கூறும் குழந்தையைத் தண்டிப்பதில்லை என்னும் உறுதியை வீட்டிலும் பள்ளியிலும் அளித்தல் மிக முக்கியமானது.

வகுப்பறைக்கு

ஆசிரியர் இதனை உயர்நிலைப் பள்ளி வகுப்பில் உற்றுநோக்கற் பாடமாக நடத்தலாம். மாணவர் தம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள நாயை அல்லது பூனையைத் தொலைவிலிருந்து பத்து நிமிடம் நோக்கி, வால், காது, உடல்நிலை, அதனருகே வந்தவர் யார், அப்போது நிகழ்ந்த மாற்றம் ஆகியவற்றைக் குறித்து வருக. பிராணியைத் தொடுதல், தூண்டுதல், துரத்தச் செய்தல் கூடாது. பின்னர்க் கீழ்க்கண்ட வினாக்களை வகுப்பில் ஆராயலாம்.

1. குவோவின் சோதனையில், தனித்து வளர்ந்த குட்டிகளை ஏன் மூன்றாவது தொகுதியாகச் சேர்க்க வேண்டியிருந்தது?
2. பூனை ஓடாமல் நின்றால் குட்டியின் நடத்தை ஏன் மாறுகிறது?
3. வாலசைவு ஒன்றே நாயிடத்தும் பூனையிடத்தும் வேறு பொருள் தருவதற்கு உங்கள் குறிப்பில் சான்று உண்டா?
4. குட்டியை அடித்துப் பழக்குவது ஏன் பயன் தருவதில்லை?
5. உங்கள் தெருவிலுள்ள வளர்ப்பு நாய்களும் பூனைகளும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பெற்றனவா? இவ்வினாவிற்கு விடை கண்டு வருக.

ஐந்தாம் வினாவின் விடைகளை ஆசிரியர் தொகுத்து, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவித்தால், வகுப்பறைப் பாடம் ஊருக்குப் பயன்படும் பணியாகிவிடும். வீட்டில் பூனை அஞ்சாமலும், குட்டி தெருவுக்குத் தள்ளப்படாமலும், குழந்தை கடிபடாமலும் இருப்பதற்கு வேண்டுவன சிறிது கயிறும், ஒரு மூடிய கதவும், சில வாரப் பொறுமையுமே.